சிங்காரி மேல் வைத்த குறி

அந்த நாளில் காத்தான்குடியில் கச்சி முகம்மது என்ற பெயரில் பலர் இருந்தார்கள். மீன் ஏலம் கூறுகிற கச்சி முகம்மது இருந்தார். தறியில் கைலிச் சாரம் நெய்கிற கச்சி முகம்மது இருந்தார். ஒரு வேலையும் செய்யாமல் மற்றவர்கள் வேலையில் பிழை பிடிக்கிற கச்சி முகம்மதுவும் இருந்தார். ஆனால் பெயருக்கு முன்னால் 'குதிரைக்காரர்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற அந்த மணல் ஊரில் குதிரை வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான்.

புகையிரதம் மட்டக்களப்புக்கு வந்துவிட்ட காலம். மோட்டார் பஸ்கள் வந்தும் வராமலும் இருந்தன. வந்தாலும் வழியில் நின்று புகை விட்டன. ஆகையால் கச்சி முகம்மதுவின் குதிரை வண்டிலுக்கு நல்ல மவுசு. விடிந்ததும் சந்தியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கல்லடி வழியாக மட்டக்களப்பு நகரமான புளியந்தீவுக்குப் போவார். அரசாங்கக் கச்சேரியில் அலுவல் உள்ளவர்கள், வழக்குப் பேசப் போகிறவர்கள், பெரியாஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கொண்டு போகிறவர்கள் என்று எல்லோரும் அவருடைய ஆட்கள். பெண்கள் ஏறினால் வண்டிலைச் சுற்றிச் சுத்தமான திரை கட்டி, தான் முன்னுக்கு முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்து ஓட்டுவார். இந்த மரியாதைக்காகவே சுற்று வட்டாரத்துப் பெண்கள் அவருடைய வண்டிலைத் தேடி வந்தார்கள்.

குதிரையின் பெயர் சிங்காரி. சாம்பல் நிறம், நெற்றியில் கை அகலத்துக்கு வெள்ளை. அது எங்கே பிறந்தது என்று யாருக்கும் தெரியாது. கடற்கரைப் பக்கத் தென்னந்தோட்டம் ஒன்றில் துரை வைத்திருந்த குதிரை அது. ஏறாவூரில் பிறந்த கச்சி முகம்மது அந்தத் தோட்டத்தில் புல்லறுக்கப் போய்ச் சேர்ந்து, பிறகு லாயம் கூட்டி, கடைசியில் கடிவாளம் பிடிக்கிற அளவுக்கு உயர்ந்தார். துரை சீமைக்குத் திரும்பும்போது மேசை, கட்டில், பீங்கான் கோப்பை எல்லாவற்றையும் ஏலத்தில் விற்றார். குதிரையை ஏலம் கூற மட்டும் மனம் வராமல், கயிற்றைக் கச்சி முகம்மதுவின் கையில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார்.

அதற்கு அடுத்த வருஷம்தான் காத்தான்குடியில் சித்தி நபீஸாவைக் கலியாணம் முடித்தார். அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருக்க வேண்டும். மற்ற மாப்பிள்ளைகள் ஒரு தகரப் பெட்டியோடு வருவார்கள். இவர் ஒரு குதிரையோடு வந்தார். வளவுக்குள் குதிரை நுழைந்ததைப் பார்த்துப் பெண் வீட்டார் சிரித்ததும், அது நேராகப் போய்ப் பந்தலில் கட்டியிருந்த குருத்தோலையைத் தின்றதும் அந்த ஒழுங்கைச் சந்தில் வெகுகாலம் பேச்சாக இருந்தது.

நபீஸாவும் முதலில் சிரித்தவள்தான். சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. காலையில் எழும்பியதும் மனுஷன் முதலில் போய்ப் பார்ப்பது சிங்காரியை. பின்னேரம் வந்ததும் அதைக் குளிப்பாட்டி, உடம்பு தேய்த்து, கொள்ளு அவித்து வைத்து, அன்று வண்டிலில் நடந்த கதையெல்லாம் அதன் காதில்தான் சொல்லுவார். வீட்டுக்குள் வரும்போது கதையும் தீர்ந்து ஆளும் தீர்ந்திருப்பார். சோற்றைத் தின்றதும் நித்திரை. பக்கத்து வீட்டுப் பெண்கள், "எங்க கா ஒங்கட மாப்பிள்ள?" என்று கேட்டால், "சக்களத்தியோட இரிக்கார்" என்பாள் நபீஸா. அதில் பாதி பகிடி, பாதி மெய். எந்தப் பாதி பெரிது என்று விசாரிக்கக் கச்சி முகம்மதுவுக்கு ஒருபோதும் தோன்றவில்லை.

இப்படிச் சந்தோஷமாக இருந்த மனிதரின் தலையில் ஒரு நாள் இடி விழுந்தது. புளியந்தீவில் வழக்குப் பேசுகிற ஒரு பிரக்கிராசியாருடைய குதிரை காணாமல் போய்விட்டது. யார் கொண்டு போனார்கள், எப்படிக் கொண்டு போனார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தச் செய்தி கேட்ட நாள் முதல் கச்சி முகம்மதுவுக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் யார் சிங்காரியைப் பார்த்தாலும் அவருக்குக் களவனாகத் தெரிந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லுகிற மோதினார் ஒரு நாள், "நல்ல குதிர" என்று சொல்லிவிட்டார். பாவம், அவரோடு ஒரு வாரம் இவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதலில் சிங்காரியின் கழுத்தில் மணிகளைக் கட்டினார். அது தலையை ஆட்டும்போதெல்லாம் வளவு முழுக்கக் கிலுகிலு என்றது. பிள்ளைகள் உறங்கவில்லை. நபீஸா மணிகளை அறுத்து அடுக்களைக் கூரையில் சொருகிவிட்டாள். பிறகு கயிற்றின் மறுநுனியைத் தன்னுடைய கால் பெருவிரலில் கட்டிக்கொண்டு லாயத்து வாசலிலேயே படுத்தார். கயிறு அசைந்தால் தான் விழித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. சிங்காரி விடியற்காலையில் வேலிக்கு அப்பால் நல்ல பச்சைப் புல்லைக் கண்டு அந்தப் பக்கமாக நடந்தது. சுபஹு தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் முன்னிலையில், மணலில் மல்லாந்தபடி, "அடியே நில்லு, நில்லு" என்று கெஞ்சிக்கொண்டே அவர் வேலி வரைக்கும் போனார். அந்தப் பெருவிரல் பிறகு எந்தச் செருப்புக்கும் அடங்கவில்லை.

அதன் பிறகுதான் குறி வைக்கிற யோசனை வந்தது. அவரை அறியாதவர்கள் இதைப் பைத்தியம் என்பார்கள். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது நியாயமாகப்படும்.

மட்டக்களப்பில் குதிரைக் களவு எப்போதாவது நடக்கும். மாட்டுக் களவோ ஓயாது. எழுவான்கரையில் களவெடுத்த மாட்டை வாவியில் நீந்தவிட்டு, தோணியின் பக்கத்தில் பிடித்துக்கொண்டே மறுகரையான படுவான்கரைக்குக் கொண்டு போய்விடுவார்கள். அதற்காக மாட்டின் பின் தொடையில் குடிக்குறி சுடுவார்கள். குடி என்பது உம்மா வழியாக வருகிற உறவு. உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒவ்வொரு குடிக்கும் ஒரு குறி உண்டு. குறியுள்ள மாட்டில் கைவைத்தவன் ஒரு ஆளோடு மோதவில்லை, ஒரு குடியோடு மோதுகிறான். அந்தக் குடியில் ஆட்கள் எங்கெங்கெல்லாம் சிதறிக் கிடக்கிறார்களோ அங்கெல்லாம் அந்த மாட்டுக்குக் கண் உண்டு.

மாட்டுக்கு உதவுகிற குறி குதிரைக்கு உதவாதா என்று கச்சி முகம்மது யோசித்தார். யோசனை நல்ல யோசனைதான். அதைச் செய்த விதத்தில்தான் பிழை.

அவருடைய சொந்தக் குடியின் சூட்டுக்கோல் ஏறாவூரில் அவருடைய கூடப்பிறந்த ராத்தா வீட்டில் இருந்தது. ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, அது காட்டுப்புறத்து மாட்டுப்பட்டிக்குப் போயிருக்கிறது, வந்ததும் தருகிறோம் என்று பதில் வந்தது. அதுவரைக்கும் பொறுக்க அவரால் முடியவில்லை. நபீஸாவின் தாய்மாமன் அப்துல் கபூர் இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தார். பள்ளிவாசலில் அவளுடைய குடிக்குத் தலைவரான மரைக்காயர் அவர்தான். நபீஸாவின் குடிச் சூட்டுக்கோல் அவருடைய பொறுப்பில் இருந்தது. அதன் குறி ஒரு பிறையும் கீழே ஒரு கோடும்.

"மருமகன், எங்கட கோல் எங்கட குறியத்தான் வைக்கும். விளங்கினதா?" என்று அப்துல் கபூர் கேட்டார்.

"எந்தக் குறியெண்டாலும் களவன் பயந்தாச் சரி மாமா" என்றார் கச்சி முகம்மது.

அப்துல் கபூர் அடுப்பில் கோலைப் பழுக்கவைத்து, சிங்காரியின் பின் தொடையில் குறியை வைத்தார். சிங்காரி அடுப்பையும் உதைத்து அப்துல் கபூரையும் உதைத்தது. அவர் வைக்கோல் போரில் போய் விழுந்தார், அதனால் அடி பலமில்லை. தலைப்பாகையைத் தட்டிக்கொண்டே எழும்பி, "குறி நல்லா விழுந்திரிக்கி" என்றார். கச்சி முகம்மது சிங்காரியின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். காயத்துக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினார். அன்று இரவு பெருவிரலில் கயிறு இல்லாமல் வீட்டுக்குள் நிம்மதியாகப் படுத்தார்.

குறி ஆறிய பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமையில் சிங்காரி களவு போய்விட்டது.

வெளியூர்க் களவர்கள் நேரம் பார்த்து வந்திருந்தார்கள். ஜும்ஆ நேரம். ஊரில் உள்ள ஆண்கள் அத்தனை பேரும் பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒழுங்கையில் ஒரு சேவலும் சில ஆடுகளும்தான். அடுக்களையில் இருந்த நபீஸாவுக்குக் குதிரை நடக்கிற சத்தம் கேட்டது. 'ஜும்ஆவுக்குப் போன மனுஷன் குத்பாவையும் முழுக்கக் கேக்காம இவளக் குளிப்பாட்ட வந்திட்டார்' என்று நினைத்து எரிச்சலோடு மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். சிங்காரியும் கனைக்கவில்லை. சர்க்கரைத் துண்டு நீட்டுகிற எவன் பின்னாலும் போகிற குணம் அதற்கு. அந்தக் குணத்தைப் பழக்கினதும் கச்சி முகம்மதுதான்.

தொழுகை முடிந்து வந்தவர் வெற்றுக் கயிற்றைப் பார்த்தார். லாயத்துக்குள் போய், கொள்ளு வைக்கிற பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். நபீஸா நடந்ததைச் சொன்னாள். தான் எட்டிப் பார்த்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் அன்றைக்கு 'சக்களத்தி' என்ற சொல் அவள் வாயில் வரவில்லை.

பிறகு வந்த நாட்களில் கச்சி முகம்மது கடற்கரையெல்லாம் தேடினார், வாவிக்கரையெல்லாம் தேடினார். சந்தியில் வண்டில் சும்மா நின்றது. ஆட்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். வந்தவர்களில் சிலர் பஸ்ஸில் போனால் நேரத்துக்குப் போகலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். அதுதான் அவருக்கு இன்னும் நோவாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் சாலிஹ் வந்தான். தலையில் சாரப் பொட்டலம் சுமந்து படுவான்கரை ஊர்களில் விற்கிறவன், நபீஸாவின் குடியில் பிறந்தவன். பொட்டலத்தை இறக்குவதற்கு முன்னமே செய்தியை இறக்கினான்.

"காக்கா, ஒங்கட சிங்காரிய நான் கண்டன்."

"எங்கடா?"

"அக்கரையில, வயல் வட்டைக்குள்ள. ஒரு போடியார் குடையப் புடிச்சிக்கிட்டு அதில ஏறி வாறார். காலு ரெண்டும் நிலத்தில முட்டுறாப்போல. நான் சிரிச்சிட்டு, மறுகா பின்னுக்குப் பாத்தா எங்கட பிறை கிடக்கு."

கச்சி முகம்மது சாலிஹைக் கட்டிப் பிடித்து முத்தமிட்டார். குறி வேலை செய்துவிட்டது. தன் யோசனை எவ்வளவு பெரிய யோசனை என்று போகும் வழியெல்லாம் சாலிஹிடம் சொல்லிக்கொண்டே போனார். மண்முனைத் துறையில் வாவியைக் கடந்து, மத்தியானத்துக்குள் அந்த ஊர்த் தலைவரான விதானையார் வீட்டு முற்றத்தில் இருவரும் போய் நின்றார்கள்.

இளையதம்பி விதானையார் நிதானமான மனிதர். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு வழக்கைக் கேட்டார். வல்லிபுரப் போடியாருக்கும் ஆள் போயிற்று. நிறைய வயல் உள்ள அந்தப் போடியார் சிங்காரியில் ஏறியே வந்தார். கச்சி முகம்மதுவைக் கண்டதும் சிங்காரி கனைத்தது. போடியார் இறங்குகிற வரைக்கும் கூடப் பொறுக்காமல் அவரையும் சுமந்துகொண்டு நேரே போய்க் கச்சி முகம்மதுவின் தோளில் மூக்கை வைத்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று அவர் நினைத்தார்.

"நான் களவெடுக்கல்ல விதானையார்" என்றார் போடியார். "நல்ல பசு நாகு ஒண்டக் குடுத்துத்தான் மாத்தின நான். நெல்லுச் சூடு மிதிக்க உதவுமெண்டு சொன்னானுகள். களத்தில விட்டா இது பொலியத் திங்குது, சுத்தி வரமாட்டனெண்டு நிக்குது. சரி, ஏறித்தான் பாப்பமே எண்டு ஏறின நான். மறுகா இறங்க மனம் வரல்ல."

"குறியப் பாத்துமா மாத்தினீங்க?"

"மாட்டில குறி பாப்பம். குதிரையில ஆர் பாத்தது?"

விதானையார் எழும்பிப் போய்க் குறியைப் பார்த்தார். திரும்பி வந்து, "காக்கா, நீங்க எந்தக் குடி?" என்று கேட்டார். கச்சி முகம்மது சொன்னார்.

"இது அந்தக் குடிக் குறி இல்லையே."

"ஓம், பெண்சாதிட குடிக் குறி."

"அப்ப குதிரை பெண்சாதிட சாமான்."

"இல்ல விதானையார், குதிர என்ட. கோலு கிட்டக் கிடந்தது எண்டு..."

"நீங்க கோல எங்க எடுத்தா எனக்கென்ன? குறி ஆரச் சொல்லுதோ அவங்கதான் வந்து கேக்கணும். நாளைக்கு ஒரு மாட்டு வழக்கு வந்தா நான் எப்பிடித் தீர்ப்பன்? அவவக் கூட்டிக்கிட்டு வாங்க."

போடியார் அப்போது ஒரு வார்த்தை சொன்னார். "அவவுக்குச் சொல்லுங்க காக்கா. குதிரைய எனக்கே விட்டா, பால் கறக்கிற எருமை ரெண்டு, கண்டோட தாறன்."

திரும்பி வரும் வழியெல்லாம் சாலிஹ்தான் எருமைப் பாலைப் பற்றியும் தயிரைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தான். முற்றத்தில் இரண்டு எருமை நின்றால் நபீஸாவின் கையில் தயிர்ச் சட்டி ஓயாது, பிள்ளைகளுக்குப் பால் ஓயாது, அவள் யாருடைய கையையும் பார்க்க வேண்டியதில்லை. சக்களத்தியும் போய்விடுவாள். எந்தப் பெண் மாட்டேன் என்பாள்? தன்னுடைய குதிரை தன்னுடைய பெண்சாதியின் ஒரு சொல்லில் தொங்குகிறது என்பதும், அந்தச் சொல்லை நல்லபடியாக வாங்குவதற்குத் தான் இத்தனை காலமும் ஒன்றுமே செய்து வைக்கவில்லை என்பதும் மண்முனைத் துறையில்தான் அவருக்கு உறைத்தது.

அன்று இரவு சாப்பாட்டில் அவர், "கறி நல்லா இரிக்கி புள்ள" என்றார்.

நபீஸா அகப்பையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "நேத்தும் இதே கறிதான். முந்தாநாளும் இதே கறிதான்."

அவர் வழிக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். எருமைக் கதையை மறைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தார். சாலிஹ் இதற்குள் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பான் என்ற நினைவு வந்ததால் அதையும் சொன்னார். நபீஸா, "நாளைக்குப் போவம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

மறுநாள் மாட்டுக் கரத்தை ஒன்றுக்குத் திரை கட்டி, அப்துல் கபூர் முன்னுக்கு உட்கார, நபீஸா உள்ளே இருக்க, கச்சி முகம்மது பின்னால் நடந்தார். வழி முழுக்க அப்துல் கபூர் திரைக்குள் பார்த்து எருமையின் பெருமையையே பாடிக்கொண்டு போனார். சிங்காரி உதைத்த உதையை அவர் மறந்திருக்கவில்லை. கச்சி முகம்மது அதைக் கேட்டுக்கொண்டே நடந்தார். வாய் திறக்க அவருக்கு உரிமை இல்லை. அந்த உரிமையை அவர்தான் 'களவன் பயந்தாச் சரி' என்று சொல்லி விட்டுக்கொடுத்துவிட்டாரே.

மிதவையில் வாவியைக் கடந்து வந்து, விதானையார் வீட்டு முற்றத்து வேப்பமரத்தின் கீழே கரத்தை நின்றது. சிங்காரி ஒரு பக்கம் கட்டியிருந்தது. மறுபக்கம் இரண்டு எருமைகள் கன்றுகளோடு நின்றன. நல்ல எருமைகள், அதைக் கச்சி முகம்மதுவும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மடி இரண்டும் பால் கட்டிக் கனத்திருந்தன. விதானையார் நடந்ததையெல்லாம் திரைக்குக் கேட்கும்படி விளக்கிச் சொல்லி, "தங்கச்சி, குறி உங்கட குடிக் குறி. நீங்க சொல்லுறதுதான் முடிவு" என்றார்.

திரைக்குள் வளையல் சத்தம் கேட்டது. பிறகு நபீஸாவின் குரல் வந்தது.

"மாப்பிள்ளையோட ஒரு சொல்லுப் பேசணும். மத்தாக்கள் கொஞ்சம் தள்ளி நிக்கட்டாம்."

எல்லோரும் தள்ளிப் போனார்கள். அப்துல் கபூர் போக மனமில்லாமல் போனார். கச்சி முகம்மது திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"என்ன புள்ள?"

"ஒண்டு கேக்கிறன். உண்மையச் சொல்லணும். ஒங்கட வண்டில்ல ஊரில உள்ள பொம்புளையெல்லாம் ஏறி இரிக்கி. மேல் வீட்டு மாமி ஏறினா. அவட மருமகள் ஏறினா. என்ட ராத்தா பெருநாளுக்குப் பெருநாள் ஏறினா. நான் எப்ப ஏறின?"

கச்சி முகம்மது யோசித்தார். கலியாணத்துக்கு அவர்தான் அவள் வீட்டுக்கு வந்தார். பிள்ளைகள் வீட்டில்தான் பிறந்தார்கள், மருத்துவிச்சி அடுத்த ஒழுங்கை. உம்மா வீடு பக்கத்து வளவு, மாமன் வீடு இரண்டு வீடு தள்ளி. அவளுக்குப் போக ஓர் இடமும் இல்லை என்றே அவர் இத்தனை காலமும் நினைத்திருந்தார். அப்படி நினைத்ததாகக் கூடச் சொல்ல முடியாது, அதைப் பற்றி நினைத்ததே இல்லை. எவ்வளவு தேடியும் அவளை ஏற்றிய ஒரு நாள் அகப்படவில்லை.

"நீ கேக்கல்லியே புள்ள."

"மத்தவங்க கேட்டாங்க, ஏத்தினீங்க. நான் ஒங்கட பெண்சாதி. நானும் சந்தியில நிண்டு கை காட்டணுமா?"

அவருக்கு வெட்கமாகிப் போயிற்று. குதிரையைக் காப்பாற்ற மணி கட்டியிருக்கிறார், பெருவிரலில் கயிறு கட்டியிருக்கிறார், குறி சுட்டிருக்கிறார். வீட்டுக்குள் இருந்தவளை ஒரு நாள் திரும்பிப் பார்த்தாரா? எருமைகள் வாலை ஆட்டிக்கொண்டு நின்றன. அவர் சிங்காரியின் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"நான் செஞ்சது பிழைதான் புள்ள. நீ எருமைய எடு. அது உனக்கு நல்லம். நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

திரைக்குள் மறுபடி வளையல் சத்தம் கேட்டது. பிறகு நபீஸா குரலை உயர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"விதானையாருக்குச் சொல்லுங்க. குதிர என்ட. எருமை எங்களுக்கு வேணாம்."

அப்துல் கபூர் ஓடி வந்தார். "மகள், யோசிச்சுப் பேசு. ரெண்டு எருமை. கண்டோட."

"குறி என்ட குடிக் குறியெண்டு நீங்கதானே மாமா வச்சீங்க? அப்ப சொல்லும் என்ட சொல்லுத்தான்."

விதானையார் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். போடியார் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். கொடுக்கும்போது சிங்காரியின் நெற்றியை ஒரு தடவை தடவினார். அவருடைய முகத்தைப் பார்க்கக் கச்சி முகம்மதுவுக்கே பாவமாக இருந்தது. "கவலப்படாதீங்க போடியார்" என்றார் விதானையார். "உங்கட நாகுக்கும் குறி இருக்குத்தானே. எங்கயாவது ஆர்ட கண்ணிலயாவது படும்." அது பிறகு சந்திவெளிப் பக்கத்தில் அகப்பட்டதாகக் கேள்வி.

மறுநாள் காலையில் சந்தியில் வழக்கமான ஆட்கள் காத்து நின்றார்கள். சிங்காரி திரும்பிவிட்ட செய்தி இரவே பரவியிருந்தது. வண்டில் வந்தது. திரை கட்டியிருந்தது. ஒருவர் காலைத் தூக்கிப் படியில் வைத்தார்.

"இண்டைக்கு ஏற ஏலாது" என்றார் கச்சி முகம்மது. "வண்டிலுக்கு ஆள் இரிக்கி."

"ஆரு காக்கா உள்ளுக்கு?"

"குதிரைக்குச் சொந்தக்காரி."

வண்டில் ஆட்களை விட்டுவிட்டுப் போயிற்று. போகட்டும் என்று அவர்களும் பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். ஊரைத் தாண்டியதும் கச்சி முகம்மது, வண்டிலில் ஏறுகிற எல்லோரையும் கேட்பது போலவே, முகத்தைத் திருப்பாமல் கேட்டார்.

"எங்க விடுற?"

"கல்லடிப் பாலத்துக்கு. எல்லாரும் ஏறிப் போய் வந்து கதை சொல்லுறாங்க. நான் கண்டதில்ல."

பாலத்தில் ஏறியதும் நபீஸா ஒரு பக்கத் திரையைக் கொஞ்சம் விலக்கினாள். வாவி வெயிலில் பரந்து கிடந்தது. ஒரு தோணியில் ஒருவன் எழும்பி நின்று வலை எறிந்தான். வலை விரிந்து விழுந்ததை அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். தூரத்தில் தெரிகிற கட்டடம் என்ன என்று கேட்டாள், கோட்டை என்றார். அந்தக் கோபுரம் என்ன என்று கேட்டாள், சொன்னார். தான் தினமும் கடக்கிற பாலத்தில் இவ்வளவு பார்க்க இருக்கிறதா என்று அவருக்கும் அன்றுதான் தெரிந்தது. சந்தோஷத்தில் அவர் சிங்காரியின் காதுக்குச் சொல்லுகிற கதையையெல்லாம் திரைக்குச் சொல்லத் தொடங்கினார். அவள் சிரித்தது கேட்டது.

பாலம் முடிந்தது. எதிரே புளியந்தீவுக் கடைகள் திறந்துகொண்டிருந்தன.

"உள்ளுக்குப் போவமா? கடைத்தெரு பாக்கல்லியா?"

"வேணாம். திருப்புங்க."

அவருக்கு மனம் சுருங்கிவிட்டது. "அதுக்குள்ள வீட்டுக்கா?"

"வீட்டுக்கில்ல" என்றாள் நபீஸா. "பாலத்துக்கு. மத்தப் பக்கம் இன்னும் பாக்கல்ல."

கச்சி முகம்மது சிங்காரியைத் திருப்பினார்.